ஒரு எண்ணுக்கு இரண்டு தேதி

(மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல் பிரிவு. ஊர்: பாகலூர்)



பேரவை மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று செயலாளர் கேட்பதற்குள் ஹைக்கூ, ஜோக், 'மறக்க முடியாத கல்லூரி நாட்கள்' எல்லாவற்றையும் மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு மிச்சம் இருந்தது ஆறாம் செமஸ்டர் புராஜெக்ட் மட்டும்தான். ஆகவே அதைப் பற்றியே எழுதுகிறேன். பங்குச்சந்தை மென்பொருளுக்காக, கம்பெனிகளின் பழைய கணக்குகளை டேட்டாபேஸில் எப்படிச் சேமித்து வைப்பது என்பதுதான் விஷயம். மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இதில் வரும் கம்பெனிகளில் பாதி, நீங்கள் நாளைக்கு அப்ரண்டிஸாக வாசலில் போய் நிற்கப்போகும் கம்பெனிகள்!

முதலில் கணக்கு என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். பங்கின் விலை நொடிக்கு நொடி மாறும். அது சந்தையில் வாங்குபவரும் விற்பவரும் பேசி முடிக்கும் பேரம். ஆனால் அந்த விலைக்குப் பின்னால் ஒரு ஃபாக்டரி ஓடுகிறது. எத்தனை கோடிக்கு விற்றது, எவ்வளவு லாபம், எவ்வளவு கடன், மொத்தம் எத்தனை பங்குகள், ஒரு பங்குக்கு எவ்வளவு லாபம், எவ்வளவு டிவிடெண்ட். இவைதாம் கம்பெனியின் அடிப்படை எண்கள். ஆங்கிலத்தில் ஃபண்டமென்டல்ஸ் என்பார்கள். இவை மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வெளியே வரும்.

பங்குச்சந்தை மென்பொருள் செய்வது என்ன? நாம் ஒரு விதி கொடுப்போம். 'கடன் குறைவாக இருந்து, லாபம் போன வருஷத்தைவிட இருபது சதவீதம் கூடினால் வாங்கு' என்பதுபோல. அந்த விதியை நேராகப் பணம் போட்டுச் சோதிக்க முடியாது அல்லவா? எனவே பழைய பத்து வருஷ எண்களில் ஓட்டிப் பார்ப்பார்கள். இதற்கு பேக்டெஸ்ட் என்று பெயர். 2012இல் இந்த விதி இருந்திருந்தால் எதை வாங்கியிருக்கும், 2013இல் எதை விற்றிருக்கும் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுச் சொல்லும். அது சொல்லும் பதில் சரியா தப்பா என்பது முழுக்க முழுக்க அடியில் இருக்கும் டேட்டாபேஸைப் பொறுத்தது. விதியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். டேட்டாபேஸைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஏனென்றால் அது போர்!

இந்தத் தலைப்பு ஏன்?

ஓசூரில் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் ஏறும் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். பத்துப் பேரில் நாலு பேர் கையில் போனில் பச்சைக் கோடு, சிவப்புக் கோடு ஓடிக்கொண்டிருக்கும். என் பெரியம்மா மகன் அண்ணன் ஒருவர் உதிரிபாகம் செய்யும் ஒரு யூனிட்டில் சி.என்.சி. மெஷின் ஓட்டுகிறார். ஏலச்சீட்டு எடுத்த பணத்தில் ஒரு ரெடிமேட் மென்பொருளும் வாங்கி, மீதியை அது சொன்னபடி பங்குகளிலும் போட்டார். விற்றவர் காட்டிய பேக்டெஸ்ட் கோடு பத்து வருஷமும் மேலேயே ஏறிக்கொண்டிருந்தது. அண்ணன் பணம் போட்ட நாளிலிருந்து அது இறங்க ஆரம்பித்தது. "ஏண்டா தம்பி, நீ கம்ப்யூட்டர்தானே படிக்கிற? பழசுல எல்லாம் கரெக்டா வந்தது, இப்ப மட்டும் ஏன் வரல, பாத்துச் சொல்லு" என்றார்.

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிக் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அதனால் ஊரில் யாருடைய போன் ரிப்பேரானாலும், யாருக்கு ரேஷன் கார்டு ஆன்லைனில் வராவிட்டாலும் என்னிடம்தான் வரும். ஆனால் இந்தக் கேள்வி அப்படித் தட்டிக்கழிக்கும் கேள்வி இல்லை. செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, ஃப்யூச்சர்ஸ்-ஆப்ஷன்ஸ் பிரிவில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் நஷ்டம் அடைந்தார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அண்ணன் செய்தது ஃப்யூச்சர்ஸ் இல்லை, சாதாரணப் பங்குதான். ஆனாலும் 'பழைய காலத்தில் ஜெயித்தது' என்ற பேச்சை நம்பிப் பணம் போடுவது இரண்டிலும் ஒன்றுதான்.

அந்த மென்பொருளின் டேட்டா ஃபைலைத் திறந்து பார்த்தபோது முதல் பத்து நிமிஷத்திலேயே விஷயம் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஒரே ஒரு தேதிதான் இருந்தது: மார்ச் 31.

தக்காளியும் மண்டிச் சீட்டும்

என்ன தப்பு என்கிறீர்களா? எங்கள் அப்பாவின் நோட்டை வைத்துச் சொல்கிறேன். அப்பா ஐந்தாவது வரை படித்தவர். பாகலூர்ப் பக்கம் தக்காளி, குடைமிளகாய், ரோஜா என்று மாறிமாறிப் போடுவார். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வண்டியில் தக்காளி ஏறினால் என்ன விலைக்குப் போனது என்பது திங்கட்கிழமை மண்டியில் ஏலம் முடிந்த பிறகுதான் தெரியும். சீட்டு கைக்கு வர செவ்வாய் ஆகும். நோட்டில் இடது ஓரத்தில் சரக்கு ஏறிய தேதி, வலது ஓரத்தில் சீட்டு வந்த தேதி. இரண்டும் எழுதுவார். ஒரு வாரம் கழித்து மண்டிக்காரர் 'அழுகல் கழிவு' என்று கொஞ்சம் குறைத்தால், முதலில் எழுதியதை அடிக்க மாட்டார். அதன் கீழே அன்றைய தேதி போட்டுப் புதிதாக ஒரு வரி எழுதுவார். "செவ்வாய்க்கிழமை நான் எதை நம்பி உரம் கடன் வாங்கினேன்னு எனக்குத் தெரியணும் இல்ல?" என்பது அவர் வாதம்.

கம்பெனிக் கணக்கும் அதேதான். மார்ச் 31 என்பது சரக்கு ஏறிய தேதி. அன்றைக்கு அந்த நிதியாண்டு முடிகிறது, அவ்வளவுதான். கணக்கை முடித்து, ஆடிட்டர் பார்த்து, போர்டு மீட்டிங் கூடி, எக்ஸ்சேஞ்சுக்கு அறிவிக்கும்போதுதான் ஊருக்குத் தெரியும். செபியின் 2015ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, காலாண்டு முடிந்து 45 நாட்களுக்குள் காலாண்டுக் கணக்கும், ஆண்டு முடிந்து 60 நாட்களுக்குள் ஆண்டுக் கணக்கும் தர வேண்டும். ஆக மார்ச் 31 கணக்கு ஏப்ரல் கடைசியில் வரலாம், மே 30ஆம் தேதியும் வரலாம்.

அண்ணன் வாங்கிய மென்பொருள் என்ன செய்தது? மார்ச் 31 என்று போட்டிருந்த லாபத்தை எடுத்துக்கொண்டு ஏப்ரல் 1ஆம் தேதியே பங்கை வாங்கியது. மே மாதம் நல்ல ரிசல்ட் வந்து விலை ஏறியது. ஆகா, லாபம்! பரீட்சைக்கு முந்தின நாளே கேள்வித்தாளைப் பார்த்துவிட்டு நூறு மார்க் வாங்கியது போல. பழைய காலத்தில் அதற்கு எதிர்காலம் தெரிந்திருந்தது. நிஜச் சந்தையில் தெரியவில்லை.

'சரி, எல்லாவற்றுக்கும் 60 நாள் கூட்டிவிட்டால் போச்சு' என்று ஒரு நண்பன் சொன்னான். நானும் யோசித்தேன். அது சரிவராது. 2020 மார்ச் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கொரோனா ஊரடங்கு காரணமாக செபி கெடுவை முதலில் ஜூன் 30 வரைக்கும், பிறகு ஜூலை 31 வரைக்கும் நீட்டியது. அந்த வருஷம் 60 நாள் என்று போட்டால் சில கம்பெனிகளுக்கு மறுபடி எதிர்காலம் தெரிந்துவிடும். மாறாக, ஏப்ரலிலேயே ரிசல்ட் சொல்லும் கம்பெனிக்கு 60 நாள் போட்டால், தெரிந்ததையும் தெரியாததுபோல் ஆக்கிவிடும். ஆகவே உண்மையில் அறிவித்த தேதியை ஒவ்வொன்றாகத் தேடிப் போடுவதே ஒரே வழி. சலிப்பான வேலைதான்.

டேபிளில் செங்குத்தாக நிற்கும் கட்டத்தை வகுப்பில் நாம் 'காலம்' என்கிறோம். தமிழில் காலம் என்றால் நேரம். என் புராஜெக்டின் சாரமே இதுதான்: காலத்துக்கு இரண்டு காலம் ஒதுக்க வேண்டும்! (கைடு இதற்குச் சிரிக்கவில்லை.)

அழிக்காதே, கீழே எழுது

அப்பா செய்த இரண்டாவது காரியம், பழைய வரியை அடிக்காமல் விடுவது. இதற்கு நம் நாட்டிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. ஹைதராபாத் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனம் 2008 செப்டம்பர் 30 அன்று தன் கையிருப்பும் பேங்க் இருப்பும் சேர்த்து 5,361 கோடி ரூபாய் என்று கணக்குக் காட்டியது. 2009 ஜனவரி 7ஆம் தேதி அதன் தலைவர் ராமலிங்க ராஜு ஒரு கடிதம் எழுதினார். அந்தத் தொகையில் 5,040 கோடி இல்லவே இல்லை, பொய்க் கணக்கு என்று அதில் ஒப்புக்கொண்டார். அப்படியானால் மிச்சம் 321 கோடி.

இப்போது உங்கள் டேபிளில் எந்த எண்ணை வைப்பீர்கள்? 'உண்மை எதுவோ அது' என்று 5,361ஐ அழித்துவிட்டு 321 போட்டால், 2008 டிசம்பரில் ஓடும் பேக்டெஸ்ட் 'இந்தக் கம்பெனி வேண்டாம்' என்று சாமர்த்தியமாக ஒதுங்கிக்கொள்ளும். நிஜத்தில் அந்த டிசம்பரில் பங்கு வைத்திருந்த யாருக்கும் அந்தச் சாமர்த்தியம் இல்லை. ஆகவே இரண்டு வரியும் இருக்க வேண்டும். முதல் வரி: காலம் 30-9-2008, கையிருப்பு 5,361 கோடி, தெரிந்தது அக்டோபர் 2008. இரண்டாவது வரி: காலம் அதே 30-9-2008, கையிருப்பு 321 கோடி, தெரிந்தது 7-1-2009, ஆதாரம் தலைவரின் கடிதம். இரண்டாவது வரியைச் சேர்க்கலாம், முதல் வரியைத் தொடவே கூடாது.

இப்படி வைத்துவிட்டால் கேள்வி கேட்பது சுலபம். மென்பொருள் ஒரு நாளில் நின்றுகொண்டு கேட்கும். அந்த நாளுக்குப் பிறகு தெரியவந்த வரிகளை எல்லாம் முதலில் தள்ளிவிடு. மிச்சம் இருப்பதில், ஒவ்வொரு காலத்துக்கும் கடைசியாகத் தெரியவந்த வரியை எடு. அவ்வளவுதான். ஆர்.டி.பி.எம்.எஸ். லேபில் செய்த க்ரூப் பை, மேக்ஸ் இரண்டும் தெரிந்தால் போதும். டிசம்பர் 15இல் நின்று கேட்டால் 5,361 வரும். ஜனவரி 8இல் நின்று கேட்டால் 321 வரும்.

மூன்றாவதாக ஒரு தேதியும் உண்டு. நாம் டைப் அடித்த தேதி. மரியாடிபி போன்றவற்றில் இதைத் தானாகவே குறித்துவைக்கும் வசதி இருக்கிறது. டைப்பிங் தப்பைக் கண்டுபிடிக்க அது உதவும். ஆனால் அதையும் 'ஊருக்குத் தெரிந்த தேதி'யையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. நான் 2009 கணக்கை இந்த வருஷம்தானே டைப் அடித்தேன்!

பெயரை நம்பாதே

அடுத்து, யாருடைய கணக்கு இது? கம்பெனி பெயரையே சாவியாக, அதாவது பிரைமரி கீயாக வைப்பதுதான் முதலில் தோன்றும். நம்ம ஊர் வாட்ச் கம்பெனியைப் பாருங்கள். டாடாவும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து 1984இல் தொடங்கியபோது அது டைட்டன் வாட்சஸ் லிமிடெட். 1993இல் டைட்டன் இண்டஸ்ட்ரீஸ். 2013இல் டைட்டன் கம்பெனி. பெயரைச் சாவியாக வைத்தால் ஒரே கம்பெனி மூன்றாகிவிடும். தொழில் வகை என்ற கட்டமும் அப்படித்தான். அன்றைக்கு அது கடிகாரக் கம்பெனி. இன்றைக்கு அதன் வருமானத்தில் பெரும்பகுதி தனிஷ்க் நகையிலிருந்து வருகிறது. எனவே பெயருக்கும் தொழிலுக்கும்கூட 'எதிலிருந்து, எதுவரை' என்று தேதி போட்டுத் தனி டேபிள் வேண்டும்.

இதற்கு நேர் எதிரான கூத்தும் இங்கேயே நடந்தது. ஓசூரிலும் ஃபாக்டரி வைத்திருக்கும் சுந்தரம் கிளேட்டன் தெரியும் அல்லவா? 2023இல் அதன் அலுமினிய வார்ப்புத் தொழிலைத் தனிக் கம்பெனியாகப் பிரித்தார்கள். பழைய சுந்தரம் கிளேட்டனுக்கு டி.வி.எஸ். ஹோல்டிங்ஸ் என்று பெயர் மாறியது. பிரிந்துபோன புதிய கம்பெனி சுந்தரம் கிளேட்டன் என்ற பெயரை எடுத்துக்கொண்டது! பெயரை நம்பி இணைத்தால் தாத்தாவின் மார்க் ஷீட்டைப் பேரன் பெயரில் ஒட்டிவிடுவோம். டைட்டனில் ஒரு கம்பெனிக்கு மூன்று பெயர், இங்கே ஒரு பெயருக்கு இரண்டு கம்பெனி.

சரி, பங்குகளுக்கு ஐஎஸ்ஐஎன் என்று 12 எழுத்து எண் ஒன்று இருக்கிறதே, அதைச் சாவியாக வைக்கலாமே? நானும் அப்படித்தான் தொடங்கினேன். டைட்டனின் இன்றைய எண் ஐஎன்இ280ஏ01028. இதைப் பிரித்துப் பார்த்தால் அழகாக இருக்கும். 'ஐஎன்' நாடு. 'இ' கம்பெனி என்பதற்கு. '280ஏ' டைட்டனுக்கு. '01' சாதாரணப் பங்கு. அடுத்த '02' வரிசை எண். கடைசி '8' சரிபார்ப்பு இலக்கம். வரிசை எண் 02 என்றால் 01 எங்கே? அதுதான் பழைய எண், ஐஎன்இ280ஏ01010. 2011இல் 10 ரூபாய் முகமதிப்புள்ள பங்கை 1 ரூபாய் பங்குகளாகப் பிரித்தபோது எண்ணும் மாறிவிட்டது. ஆக இதுவும் நிரந்தரம் இல்லை. கடைசியில் 1, 2, 3 என்று நானே ஒரு எண் கொடுத்தேன். பெயர், ஐஎஸ்ஐஎன், பி.எஸ்.இ. கோடு எல்லாம் அந்த எண்ணுக்குத் தேதியோடு தொங்கும் விவரங்கள்.

இருபதால் வகு

அந்த 2011 விஷயத்தை இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும். பிரித்ததோடு நிற்காமல், ஒன்றுக்கு ஒன்று போனஸும் கொடுத்தார்கள். அதற்கு முன் டைட்டனில் இருந்த பங்குகள் 4,43,89,308. ஒன்று பத்தாகி, பத்து இருபதாகி, மொத்தம் 88,77,86,160 பங்குகள் ஆயின. கால்குலேட்டரில் பெருக்கிப் பாருங்கள், சரியாக வரும். கம்பெனியில் ஒரு ஸ்க்ரூகூட மாறவில்லை. ஆனால் ஒரு பங்குக்கான லாபம் 100 ரூபாயாக இருந்திருந்தால், மறுநாளிலிருந்து அது 5 ரூபாய். விலையும் இருபதில் ஒரு பங்கு. விவரம் தெரியாத மென்பொருள் 'ஐயோ, 95 சதவீதம் சரிந்துவிட்டது' என்று அலறும்.

இதற்குப் பலர் செய்வது, பழைய எண்களை எல்லாம் இருபதால் வகுத்து அந்த இடத்திலேயே சேமித்துவிடுவது. நாளைக்கு இன்னொரு போனஸ் வந்தால் மறுபடியும் எல்லாவற்றையும் வகுக்க வேண்டும். எது வகுத்தது, எது வகுக்காதது என்று ஒரு கட்டத்தில் யாருக்கும் தெரியாது. ஆண்டறிக்கையில் அச்சான எண்ணை அப்படியே வைத்துவிட்டு, பிரிப்பு-போனஸ் நடந்த நாளையும் பெருக்கு எண்ணையும் வேறு டேபிளில் எழுதிவைத்து, கேட்கும்போது வகுத்துக்கொள்வதுதான் நல்லது. டி.வி.எஸ். மோட்டார் 2010இலும் அசோக் லேலண்ட் 2011இலும் ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தன. என் டேபிளில் அவை தலா ஒரு வரி, பெருக்கு எண் 2. டைட்டனுக்கு 20. அவ்வளவே.

விற்பனை என்றால் எது?

நான் ரொம்ப நேரம் மண்டையைப் பிய்த்துக்கொண்ட இடம் இதுதான். விற்பனை என்ற சாதாரணச் சொல்லுக்கு மூன்று வருஷத்தில் மூன்று அர்த்தம்.

பழைய கணக்கு முறையில் எக்சைஸ் வரியைக் கழித்துவிட்டு நிகர விற்பனையைக் காட்டினார்கள். 2016 ஏப்ரல் 1 முதல், 500 கோடியும் அதற்கு மேலும் நிகர மதிப்புள்ள கம்பெனிகள் இண்ட்-ஏஎஸ் என்ற புதிய முறைக்கு மாறின. அதில் எக்சைஸ் வரியும் விற்பனைக்குள்ளேயே சேர்ந்தது. 2017 ஜூலை 1ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தது. ஜி.எஸ்.டி. விற்பனையில் சேராது. இப்போது ஒரு கற்பனை மொபெட்டை எடுத்துக்கொள்வோம். ஃபாக்டரி விலை 40,000 ரூபாய், எக்சைஸ் பன்னிரண்டரை சதவீதம், அதாவது 5,000. பழைய முறையில் விற்பனை 40,000. 2016-17இல் 45,000. 2017-18இல் முதல் மூன்று மாதம் 45,000, அடுத்த ஒன்பது மாதம் மறுபடி 40,000. வண்டி அதே வண்டி, எண்ணிக்கை அதே எண்ணிக்கை. ஆனால் மென்பொருள் ஒரு வருஷம் 'விற்பனை பிய்த்துக்கொண்டு போகிறது, வாங்கு' என்றும் அடுத்த வருஷம் 'விழுகிறது, விற்று ஓடு' என்றும் சொல்லும்!

இன்னொரு வேடிக்கை. புது முறைக்கு மாறியபோது ஒப்பீட்டுக்காக 2015-16 கணக்கையும் புது முறையில் திருப்பி எழுதிக் காட்டினார்கள். ஆக 2015-16க்கு இரண்டு விற்பனை, இரண்டு லாபம், இரண்டுமே உண்மை. நம் இரண்டு தேதி முறை இதைத் தாங்கிக்கொள்ளும். கூடவே 'எந்தக் கணக்கு முறை' என்று ஒரு கட்டமும் சேர்த்தால், ஒரே முறையில் உள்ளவற்றை மட்டும் ஒப்பிடலாம்.

தனிக் கணக்கா, குழுமக் கணக்கா என்பதும் அதேபோல. டி.வி.எஸ். மோட்டாரின் குழுமக் கணக்கில் வண்டிக்குக் கடன் கொடுக்கும் டி.வி.எஸ். கிரெடிட்டும் சேரும். கடன் கொடுக்கிற கம்பெனி, தானும் கடன் வாங்கித்தானே கொடுக்கும்? அதனால் தனிக் கணக்கில் சின்னதாக இருக்கும் கடன், குழுமக் கணக்கில் மலைபோல் நிற்கும். ஒரு வருஷம் இதையும் மறு வருஷம் அதையும் எடுத்துவிட்டால் போச்சு.

சின்னச் சின்ன விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சில அறிக்கைகள் லட்சத்தில், சில கோடியில். அலகை ஒரு கட்டத்தில் எழுதுங்கள். பணத்துக்கு ஃப்ளோட் வைக்காதீர்கள், டெசிமல் வையுங்கள். கடன் பூஜ்யம் என்பது வேறு, கடன் எவ்வளவு என்று சொல்லவில்லை என்பது வேறு. இரண்டாவதுக்கு நல். விவரம் இல்லாத இடத்தில் பூஜ்யம் போட்டால், 'கடனே இல்லாத கம்பெனிகள்' என்ற பட்டியலில் விவரம் தராத கம்பெனிகள்தாம் முதலில் வந்து உட்காரும்.

இறந்தவர்களையும் எழுது

அண்ணன் மென்பொருளில் இருந்த இரண்டாவது கோளாறு இது. அதில் இருந்த கம்பெனிகள் எல்லாம் இன்றைக்கும் பங்குச்சந்தையில் உயிரோடு இருப்பவை. பத்து வருஷம் ஓடி ஜெயித்தவற்றை மட்டும் வைத்துக்கொண்டு பத்து வருஷத்துக்கு முன் போய் வாங்கினால் லாபம் வராமல் என்ன செய்யும்?

கரூரில் 1926இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் பேங்க், 2020 நவம்பர் 27 அன்று டி.பி.எஸ். பேங்க் இந்தியாவுடன் இணைக்கப்பட்டது. டெபாசிட் போட்டவர்கள் பணம் பத்திரம். ஆனால் பங்கு வைத்திருந்தவர்களுக்கு எதுவும் இல்லை. பங்கு மூலதனம் முழுவதும் தள்ளுபடி. வீட்டில் ஒரு பாதுகாப்புக்கு என்று அந்தப் பங்கை வருஷக்கணக்காக வைத்திருந்தவர்கள் தமிழ்நாட்டில் எத்தனை பேர்! இன்றைய பட்டியலில் அந்தப் பேங்க் இல்லை. ஆகவே இன்றைய பட்டியலை மட்டும் வைத்துச் செய்த பேக்டெஸ்டில் அந்த நஷ்டமும் நடக்கவே இல்லை!

ஆனால் மறைந்துபோன கம்பெனி எல்லாம் நஷ்டம் என்றும் எழுதிவிடக் கூடாது. பேங்க் ஆஃப் மதுரை 2001இல் ஐ.சி.ஐ.சி.ஐ. பேங்குடன் சேர்ந்தது. அதன் ஒரு பங்குக்கு ஐ.சி.ஐ.சி.ஐ. பேங்கின் இரண்டு பங்குகள் கிடைத்தன. ஆகவே என் கம்பெனி டேபிளில் 'முடிந்த நாள்', 'எப்படி முடிந்தது', 'ஒரு பங்குக்கு என்ன கிடைத்தது' என்று மூன்று கட்டங்கள் இருக்கின்றன. வைவாவில் வெளித்தேர்வாளர் கடைசிக் கட்டத்தைத்தான் சுட்டிக்காட்டி ரொம்ப நேரம் கேட்டார்.

எண்கள் எங்கே கிடைக்கும்?

மும்பையில் 1976இல் தொடங்கிய சி.எம்.ஐ.இ. நிறுவனத்தின் புரோவெஸ் டேட்டாபேஸ் பெரிய பல்கலைக்கழகங்களில் இருக்கும். நம்மைப் போன்றவர்கள் விலை கொடுத்து வாங்க முடியாது. ஆனால் எக்ஸ்சேஞ்சுகளின் இணையதளங்களில் கம்பெனிகள் அனுப்பிய அறிவிப்புகளும் ஆண்டறிக்கைகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. நான் எடுத்தது டைட்டன், டி.வி.எஸ். மோட்டார், அசோக் லேலண்ட் மூன்று மட்டும். ஆயிரம் கம்பெனிகளை அரைகுறையாக வைப்பதைவிட மூன்றை ஒழுங்காக வைப்பது மேல் என்று கைடும் சொன்னார். ஜூனியர்கள் யாராவது இதைத் தொடர்ந்து செய்வதாக இருந்தால் டேபிள் வடிவத்தை டிபார்ட்மென்ட் கம்ப்யூட்டரில் விட்டுச் செல்கிறேன்.

அவர்களுக்கு ஒரு குறிப்பு. 'தெரிந்த தேதி' கட்டத்தில் தேதியை மட்டும் போடாதீர்கள், மணியையும் போடுங்கள். எக்ஸ்சேஞ்ச் அறிவிப்பில் அது நிமிஷம் வரை இருக்கும். சந்தை மாலை 3.30க்கு மூடிவிடும். போர்டு மீட்டிங் முடிந்து ரிசல்ட் 5 மணிக்கு வந்திருந்தால், அந்த எண்ணை மென்பொருள் மறுநாள் சந்தை திறக்கும் காலை 9.15 வரைக்கும் பார்க்கக் கூடாது. மறுநாள் சனிக்கிழமையாக இருந்தால் திங்கட்கிழமை 9.15. அதற்காகச் சந்தை விடுமுறை நாட்களுக்கும் ஒரு சின்ன டேபிள் போட வேண்டும். அதை நான் இன்னும் முடிக்கவில்லை.